சேர்த்துப் புரட்டிய தாள்கள்

மழை பிடித்துக்கொண்டால் சலவைக்கடைக்குப் போதாத காலம். மாடிக் கொடிகள் சும்மா தொங்கும், அத்தனை துணியும் உள்ளேயே உலர்ந்தாக வேண்டும். அந்த வாரம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பின்னறையில் உலர்த்தும் மிஷின் விடிந்ததிலிருந்து உறுமிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒரு மலை, லாட்ஜ் விரிப்புகள் ஒரு மலை, நடுவில் ஓட்டல் மேசைத்துணிகள். சன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து தெருவே தெரியவில்லை. சோப்பும் நீலமும் சுடுகஞ்சியும் கலந்த அந்த வாசனை புதிதாக வருகிறவர்களுக்குத் தலையைச் சுற்றும். அங்கேயே கிடப்பவர்களுக்கு அது வாசனையாகவே தெரியாது.

கடைக்குச் சொந்தக்காரியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த கஞ்சியம்மாவும் அக்கா என்பாள், துணி எடுக்க வரும் லாட்ஜ் மேனேஜரும் அக்கா என்பார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை கிடையாது. கடையின் வேனை ஓட்டுவது அவள் வீட்டுக்காரர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள். மூட்டையை இறக்குவார், டீயைக் குடிப்பார், மூட்டையை ஏற்றுவார், போய்விடுவார்.

துணிக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள் கஞ்சியம்மா. இன்னொருத்தி நெட்டைச்சி. அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் எவ்வளவு பெரிய விரிப்பும் தரையில் படாது. அந்தத் தகுதி ஒன்றுக்காகவே அவளுடைய வாயை அக்கா பொறுத்துக்கொண்டாள். மூன்றாவதாக ஒரு பெண் போன மாதம்தான் சேர்ந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் இருக்கும், ஒல்லி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை அப்படியே மூடி வைத்துவிடுவாள். அவளுக்கு இன்னும் பட்டப்பெயர் வைக்கவில்லை. புதுப்பொண்ணு என்றே ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கிற வேலை. விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது ஆள் அடுக்குவாள். மீதியிருக்கிற ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து பைபிள் படிப்பாள். அக்கா கடை ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. முதல் பக்கத்தில் தொடங்கி விட்ட இடத்திலிருந்து தினம் கொஞ்சம். கடைசிப் பக்கம் முடிந்தால் மறுபடி முதல் பக்கம். முறை போட்டுப் படிப்பார்கள். இன்னாருக்கு இன்னார் பிறந்தான் என்று வம்சவரிசை வந்தாலும் விடக் கூடாது. அந்தப் பெயர்களை நெட்டைச்சி கண்டபடி கடித்துத் துப்புவதைக் கேட்டு விரிப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

விடக் கூடாது என்பது சட்டம். ஆனால் ஒரே ஒரு சங்கதியை மட்டும் விட்டுவிடுவார்கள், அதுவும் அக்காவுக்குத் தெரியாமல்.

அந்தப் புத்தகத்தில் பிள்ளையில்லாத பெண்கள் நிறையப் பேர். அநேகமாக எல்லாருக்கும் கடைசியில் பிறந்துவிடுகிறது. பல வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒருத்தியின் கதையைக் கஞ்சியம்மா படித்தபோது, அக்கா கையிலிருந்த விரிப்பை மேசையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தண்ணீர் ஓடியதே தவிர வாளி எதையும் காணோம். கஞ்சியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து அப்படிப்பட்ட இடம் வந்தால் இரண்டு மூன்று தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். நெட்டைச்சியின் காதிலும் போட்டு வைத்தாள். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

அக்காவுக்குத் தெரியாதா என்ன. ஒரு விரிப்பா, இரண்டு விரிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று விரல் நுனியிலேயே கண்டுபிடிக்கிறவள் அவள். தாள் சேர்ந்து புரளுகிற சத்தம் அவளுக்கா கேட்காது. முதல் தடவையே புரிந்துகொண்டாள். சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் அது வசதியாக இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் அவளுக்காக மறைத்தார்கள், அவள் அவர்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்தாள். இப்படியே காலம் ஓடியது.

அன்றைக்குக் கஞ்சியம்மாவின் முறை. புத்தகத்தைத் திறந்துவைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னறையில் கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்து சுரீர் என்றது. "ஐயோ, போச்சு. ஏம்மா, நீ படி" என்று புத்தகத்தைப் புதுப்பொண்ணின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

புதுப்பொண்ணு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். நெட்டைச்சியும் அக்காவும் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு இரண்டு மனைவிகள் என்று கதை தொடங்கியதும் நெட்டைச்சிக்கு உறைத்துவிட்டது. அக்காவின் தோளுக்கு மேலாகக் கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், இருமினாள். புதுப்பொண்ணு புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருத்திக்குப் பிள்ளைகள், இன்னொருத்திக்கு இல்லை. இருக்கிறவள் இல்லாதவளைக் குத்திக் குத்தி அழவைக்கிறாள். ஏன் அழுகிறாய், பத்துப் பிள்ளைக்குச் சமமாக நான் இருக்கிறேனே என்கிறான் புருஷன்.

"நல்லாத் தேத்தினான்" என்றாள் நெட்டைச்சி, தன்னை மீறி.

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கஞ்சியம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். என்ன படிக்கப்படுகிறது என்று புரிந்ததும் அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"போதும்மா, போதும், நேரமாச்சு. மூடி வை" என்றாள்.

"இல்ல, படிக்கட்டும்" என்றாள் அக்கா. மூலையை விடவில்லை. "பாதியில நிறுத்தினா நல்லா இருக்காது."

புதுப்பொண்ணு படித்தாள். அந்தப் பெண் கோயிலில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டதையும், அங்கிருந்த பெரிய குரு அவளைக் குடித்துவிட்டு வந்தவள் என்று நினைத்ததையும், கடைசியில் கடவுள் அவளை நினைத்ததையும், பிள்ளை பிறந்ததையும் படித்தாள். அந்த இடத்தோடு நிறுத்தினாள். புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள்.

"அக்கா, எனக்கும் நடக்கும்ல?"

நெட்டைச்சி தூக்கிப் பிடித்த விரிப்பை இறக்கினாள்.

"போன மழைக்காலத்துல ஒண்ணு தங்கி, மூணாவது மாசம் போயிருச்சுக்கா. அப்புறம் எங்க மாமியார் ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க இதே இடத்தத்தான் எடுத்து என் தலையில கைவச்சுச் சொன்னாங்க. அடுத்த வருஷம் இந்நேரம் மடியில பிள்ளைன்னு. வருஷம் முடியப் போகுது." அவள் புத்தகத்தின் அட்டையைத் தடவினாள். "நடக்கலன்னா எனக்கு விசுவாசம் பத்தலன்னுதானே அர்த்தம்? ஆண்டவர் சொல்லிட்டாரே. தப்பு எங்கிட்டத்தானே இருக்கணும்?"

இதே இடத்தை அக்காவுக்கும் ஒருத்தி எடுத்துக் கொடுத்திருந்தாள். அவளும் அதைத் தனக்கென்று எழுதிய கடிதம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். பிள்ளை வராதது ஒரு துக்கம். அதையாவது அழுது தீர்க்கலாம். தன் நம்பிக்கைதான் போதவில்லை என்று மாதாமாதம் தன்னையே கூண்டில் ஏற்றியது அதைவிடப் பெரிய துக்கம். அக்கம்பக்கத்துக் குழந்தையைத் தூக்கினால் தன்னுடையது வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தங்கச்சியின் பிள்ளையைக்கூடத் தொடாமல் இருந்திருக்கிறாள். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருந்தது. அதே வண்டியில் இந்தப் பெண்ணும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நடக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்குச் சிரித்துவிடுவாள், பிறகு காலமெல்லாம் தன்னையே கரித்துக்கொட்டுவாள். நடக்காது என்று சொல்ல அக்கா யார்.

"தெரியாதும்மா" என்றாள்.

புதுப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசமாவே எனக்குத் தெரியாது. நடக்கலாம். நடக்காமலும் போகலாம். அவர் அவளுக்குச் செஞ்சதைத்தான் இங்க சொல்லியிருக்கு. உனக்கும் எனக்கும் அதையே செய்யறேன்னு சொல்லல. அங்க இல்லாததை நானும் ரொம்ப வருஷம் சேர்த்துப் படிச்சிட்டேன். மிச்சத்தைப் படி, கேப்போம்."

புதுப்பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைப் படித்தாள். அந்தப் பெண் பால் மறக்கடித்த கையோடு பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அந்தக் குருவிடமே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அக்கா நடந்துவந்த இடத்தில் அப்படியே நின்றாள். தெரியாத கதையில்லை, சின்ன வயதில் கேட்டதுதான். ஆனால் பிள்ளை பிறந்த இடத்தோடு அவள் காது அடைத்துக்கொள்ளும். பிறகு கஞ்சியம்மாவின் புண்ணியத்தில் அந்த இடமும் வராமல் போயிற்று.

"குடுத்துட்டாளா" என்றாள் மெதுவாக. "அவ்வளவு அழுது வாங்கினதை வச்சுக்கலையா அவ."

கஞ்சியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அக்கா, நாங்கதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு…"

"தெரியும். தாளைப் பார்த்துப் புரட்டுங்க இனிமே, ஒவ்வொண்ணா. நீங்க எனக்கு வலிக்குமேன்னு விட்டீங்க, நானும் வலிக்குமேன்னு விட்டேன். மருந்தும் அதுக்குள்ள இருந்திருக்கு போல."

அன்று சாயங்காலம் டீயோடு வந்த ரொட்டியைப் புதுப்பொண்ணு முழுசாகத் தின்றாள். நெட்டைச்சி தன் பங்கில் பாதியையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், மடிப்பு தொடங்குகிற நேரத்தில், ஒரு பெரிய கறுப்புக்குடை வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. குடைக்குக் கீழே புதுப்பொண்ணின் மாமியார். குடையை மடக்கக்கூட இல்லை.

"யாரு இங்க அக்கா?"

"நாந்தாம்மா. உக்காருங்க."

"உக்கார வரல. என் மருமகளுக்குப் பிள்ளை பொறக்காதுன்னு சொன்னீங்களாமே. நாங்க மாசக்கணக்கா முழங்காலை முட்டி முட்டி ஜெபம் பண்ணிட்டிருக்கோம், நீங்க ஒரு மத்தியானத்துல தண்ணி ஊத்தி அணைச்சிட்டீங்க." அவள் மூச்சு வாங்கினாள். "அவளைச் சொல்லணும். பிள்ளை பெறாத வீட்டுல போய் யோசனை கேட்டா வேற என்ன கெடைக்கும்."

நெட்டைச்சி விரிப்பைக் கீழே விட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். அக்கா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். அந்தச் சொல் அவளுக்குப் புதிதில்லை. ஆனாலும் வலித்தது. வலித்ததை மறைக்கவும் அவள் முயற்சி பண்ணவில்லை.

"அத்தே" என்றாள் புதுப்பொண்ணு. அந்தக் கடையில் அவள் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "பொறக்காதுன்னு அக்கா சொல்லல. தெரியாதுன்னு சொன்னாங்க. நேத்துதான் நான் தூங்கினேன். நீங்களே பாத்தீங்க."

மாமியார் குடையைத் தாழ்த்தினாள். மருமகள் தூங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டி, துவைத்த மேசைத்துணிக் கூடைப் பக்கமாக ஓடியது. கஞ்சியம்மா கூடையைக் காலால் நகர்த்தினாள்.

"அவ ராத்திரியெல்லாம் கூரையைப் பாத்துக்கிட்டுக் கெடப்பா" என்றாள் மாமியார், குரல் இறங்கி. "என் மகன் லாரி ஓட்டறவன், மாசத்துல பாதி நாள் வீட்டுல இல்ல. நாந்தானே பாக்கணும். ஒரு நம்பிக்கை குடுக்க வேணாமா?"

"குடுக்கணும்மா. ஆனா ஆண்டவர் சொல்லாததை அவர் சொன்னதாக் குடுக்கக் கூடாது" என்றாள் அக்கா. "நடக்கலன்னா அவ உங்க மேல கோவப்பட மாட்டா, கூட்டத்துல சொன்னவங்க மேலயும் படமாட்டா. அவ மேலேயேதான் படுவா. நான் பட்டேன். பட்டு முடிக்கவே பாதி வயசு போயிருச்சு."

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. லாட்ஜ் மூட்டை சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். நெட்டைச்சி இரட்டைக்கட்டில் விரிப்பு ஒன்றை உருவி, யாரையும் கேட்காமல் இரண்டு மூலையை மாமியார் கையில் திணித்தாள். மாமியாரும் ஏதோ ஞாபகத்தில் வாங்கி உதறிவிட்டாள். நல்ல உதறல். நெட்டைச்சியே பின்னால் தள்ளாடினாள்.

கஞ்சியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேற்று நிறுத்திய இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தாளாகத்தான் புரட்டினாள்.

அந்தப் பெரிய குருவுக்கு இரண்டு மகன்கள். காணிக்கைக்கு வந்த இறைச்சி கொப்பரையில் வெந்துகொண்டிருக்கும்போதே ஆளை அனுப்பி முள்கரண்டியால் குத்தி எடுத்துக்கொள்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அடித்துப் பிடுங்குகிறார்கள்.

"சாமி வீட்டுலயேவா" என்றாள் மாமியார். விரிப்போடு நடந்துவந்து மூலைகளைச் சேர்த்தாள். "அப்பன் என்ன பண்ணினான்?"

"அது கொஞ்சம் தள்ளி வருது. கோயிலுக்கு வேலை செய்யவந்த பொண்ணுங்களையும் அவங்க விட்டுவைக்கல. அப்பன் வாயால சொன்னான், அவங்க கேக்கல" என்றாள் கஞ்சியம்மா.

"இப்படி நாறிக்கெடந்த வீட்டுக்கா அந்தப் பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டா?"

அக்கா அடுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். எத்தனையோ வருஷம் அந்தப் பெண்ணின் அழுகையை மட்டும் கேட்டு, அவளாகவே தன்னை வைத்துப் பார்த்து, பிள்ளை கிடைத்ததும் புத்தகத்தை மூடியிருக்கிறாள். அந்தப் பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தான், அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"அதுக்குத்தான் போல" என்றாள். "அவ தனக்கு ஒரு பிள்ளை வேணும்னு நின்னா. ஆண்டவரு அந்த வீட்டைச் சுத்தம் பண்ண ஒரு ஆள் தேடிக்கிட்டு இருந்திருக்காரு. ரெண்டும் ஒரே எடத்துல வந்து சேந்துருச்சு. நான் இத்தனை காலமும் அவ என்ன கேட்டாங்கறதை மட்டும் படிச்சிட்டேன். அவரு என்ன செஞ்சிட்டு இருந்தாருன்னு பாக்கவே இல்ல."

"அப்ப அவளுக்காகக் குடுக்கலையாக்கா?" என்றாள் புதுப்பொண்ணு.

"அவளுக்காகவும்தான். அவளோட நின்னு போகல, அவ்வளவுதான்."

சொல்லச் சொல்ல அக்காவுக்கு லேசாகிக்கொண்டே வந்தது. தன் வெறும் மடியைப் பார்த்து அவர் முகம் திருப்பிக்கொண்டார் என்றுதான் அவள் உள்ளுக்குள் நினைத்திருந்தாள். அவர் தன்னை வைத்து என்ன செய்கிறார் என்பது இப்போதும் தெரியவில்லை. ஆனால் தெரிந்து செய்கிறார் என்பது பிடிபட்டது, அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கஞ்சியம்மா மேலே படித்தாள். பிள்ளை அங்கே சின்ன மெல்லிய மேலங்கி போட்டுக்கொண்டு வேலை செய்கிறான். அவனுடைய அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை அவனைப் பார்க்க வரும்போது ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டு வருகிறாள். ஒவ்வொரு வருஷமும்.

நெட்டைச்சி நின்றுவிட்டாள். "வருஷம் ஒரு தடவைதான் பாக்கறான்னா, அளவு எப்படித் தெரியும்?"

அங்கிருந்தவர்கள் எல்லாரும் துணியோடு பிழைக்கிறவர்கள். குழந்தையின் வயதை வைத்துச் சொல்லிவிடலாம் என்றாள் கஞ்சியம்மா. குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் உண்டு என்றாள் நெட்டைச்சி. போன வருஷத்துச் சட்டையை வாங்கி வந்திருப்பாள், அதை வைத்து வெட்டியிருப்பாள் என்றாள் புதுப்பொண்ணு.

"பெருசாத்தான் தச்சிருப்பா" என்றாள் மாமியார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என் மகன் சின்னவனா இருக்கறப்ப நான் வேலைக்காக வேற ஊர்ல இருந்தேன். எங்கம்மாதான் வளத்தாங்க. நான் தச்சு அனுப்பறதெல்லாம் ஒரு சுத்துப் பெருசாத்தான் இருக்கும். கண்ணால பாக்கலன்னாலும் பிள்ளை வளந்துக்கிட்டுத்தானே இருக்கும். அங்க ஒருத்தர் சோறு போட்டுப் பாத்துக்கறாங்கன்னு நம்பித்தான் தைக்கணும்." சொல்லிவிட்டு விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். அக்கா பக்கம் திரும்பவில்லை. "வாசல்ல வந்து பேசினதை மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் இல்ல" என்றாள் அக்கா.

கஞ்சியம்மா அடுத்த வரிக்குப் போனாள். போன வேகத்தில் நின்றாள். விரலைத் தாளில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்ன, நிறுத்திட்டீங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. கண்ணுல தூசி."

"தூசியை எடுத்துட்டுப் படிங்க. நாங்க நிக்கறோம்."

வேறு வழியில்லை. கஞ்சியம்மா கண்ணாடியை மாட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு இன்னும் மூன்று ஆண்பிள்ளைகளும் இரண்டு பெண்பிள்ளைகளும் பிறந்தார்கள் என்று, செத்த வீட்டில் சேதி சொல்கிற குரலில் படித்து முடித்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. புதுப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். வழக்கமாக அந்த இடத்தில் குத்துகிற ஒன்று இருக்குமே, அது எங்கே என்று தேடினாள். அந்தப் பெண்ணின் வீடு நிறைந்தது அவளுக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

"அஞ்சா?" என்றாள். "அத்தனையும் வச்சுக்கிட்டு, மூத்தவனுக்கு வருஷா வருஷம் சட்டை தைக்க அவளுக்கு ஏது நேரம்?"

முதலில் சிரித்தது மாமியார்தான். பிறகு நெட்டைச்சி விரிப்பைப் போட்டுவிட்டு மேசையில் சாய்ந்தாள். கஞ்சியம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. மூட்டை எடுக்க வந்த அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் நின்று, எல்லாருக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு, பெண்டாட்டி முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

சிரிப்பு அடங்கிய பிறகு புதுப்பொண்ணு கேட்டாள். யாரிடம் என்று இல்லாமல், மழையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு என்ன வச்சிருக்காரோ."

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமியார் அடுத்த விரிப்பை எடுத்து மருமகள் பக்கம் இரண்டு மூலையை நீட்டினாள்.

"தெரியாது" என்றாள். "அவருக்குத் தெரிஞ்சா போதும். நீ மூலையைச் சரியாப் பிடி."